பாய்லர் ரிப்பேர்: வாடகை வீட்டில் ஃப்ரேசல் வெர்ப் படித்த கதை

கேள்வி, 9 நவம்பர் 2023

லண்டன் வந்து நான்கு மாதம் ஆகிறது. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 7.5 வாங்கியவள்தான். ஆனால் ஹவுஸ் ஓனரோ பிளம்பரோ போனில் பேசினால் பாதி புரிவதில்லை. எல்லாமே 'அப்', 'ஆஃப்', 'அவுட்' என்று முடிகிறது. வினையோடு இப்படி ஒரு சின்னச் சொல் ஒட்டிவருவதுதான் ஃப்ரேசல் வெர்ப். அதில் 300 உள்ள பட்டியல் ஒன்றை அச்செடுத்து, தினம் பத்து மனப்பாடம் செய்கிறேன். மறுநாள் எட்டு மறந்துபோகிறது. வீட்டைப் பழுது பார்ப்பது, சரிசெய்வது சம்பந்தமாக எதை முதலில் படிப்பது?

9 நவம்பர் 2023, இரவு

பட்டியலைக் குப்பையில் போடுங்கள். 2016இல் நானும் ஒன்று வைத்திருந்தேன், ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து. ஏ வரிசையில் தொடங்கி 'பிரேக்' வரைக்கும் வந்தேன். அதற்குள் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்றுவிட்டது.

லண்டனின் ஈஸ்ட் ஹாமில் விக்டோரியா காலத்து வரிசை வீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். ஜனவரி மாதம். காலையில் எழுந்தால் ரேடியேட்டர் எல்லாம் சில்லென்று கிடக்கிறது. ஓனருக்கு மெசேஜ் தட்டினேன். ஊரில் எப்படிச் சொல்வோம்? "பாய்லர் ரிப்பேர் ஆயிடுச்சு." அதையே அப்படியே இங்கிலீஷுக்கு மாற்றினேன்: 'தி பாய்லர் காட் ரிப்பேர்ட் யெஸ்டர்டே சார்.' பத்து நிமிடத்தில் பதில்: 'கிரேட், தேங்க்ஸ் ஃபார் லெட்டிங் மீ நோ!' கூடவே ஒரு கட்டைவிரல் படம்.

இரண்டு நாள் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் மனைவி இட்லிப் பானையில் வெந்நீர் வைத்துக் குளித்தாள். "நன்றி சொல்லத் தெரிகிறது, ஆளை அனுப்பத் தெரியவில்லையே" என்று நான் ஓனரைத் திட்டித் தீர்த்தேன். மூன்றாம் நாள் போனில் சத்தம் போட்ட பிறகுதான் விளங்கியது. நமக்கு ரிப்பேர் என்றால் கெட்டுப்போனது. அவர்களுக்கு ரிப்பேர் என்றால் சரிசெய்தது. அந்த மனிதருக்கு நான் நல்ல செய்தி அனுப்பியிருக்கிறேன்!

அன்று அவர் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் காதிலேயே இருக்கிறது: 'ஓ, இட்ஸ் பேக்ட் அப், ஹேஸ் இட்?' பேக் அப் என்றால் பெட்டி கட்டுவது என்றுதான் எனக்குத் தெரியும். பாய்லர் எங்கே பெட்டி கட்டிக்கொண்டு போகும்? அப்புறம் தோன்றியது, நாமும்தானே "கடையைக் கட்டிட்டான்" என்கிறோம். அதற்குப் பிறகு அந்தச் சொல் மறக்கவே இல்லை.

ஆகவே என் பதில்: இந்த வாரம் உங்கள் வீட்டில் எது கெட்டுக் கிடக்கிறதோ, அதற்குரிய வினையை மட்டும் படியுங்கள். கெட்டது எதுவும் இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள். லண்டன் வாடகை வீடுதானே, கெட்டுவிடும்.

10 நவம்பர் 2023

நேற்று அவசரத்தில் எழுதியதில் விட்டுப்போனது. கெட்டுப்போவதிலேயே படிகள் உண்டு. பாய்லர் 'பிளேயிங் அப்' என்றால் மக்கர் பண்ணுகிறது; வேலை செய்யும், செய்யாது. 'கட்டிங் அவுட்' என்றால் ஓடிக்கொண்டே இருந்து பட்டென்று நின்று, மறுபடி ஓடும். 'புரோக்கன் டவுன்' என்றால் நின்றேவிட்டது. 'பேக்ட் அப்', 'காங்க்ட் அவுட்' என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது. பிளம்பர் முதலில் கேட்பது இதைத்தான். மக்கர் என்றால் ஒரு மாதிரி சாமான், செத்துப்போனது என்றால் வேறு மாதிரி சாமான் எடுத்துக்கொண்டு வருவார்.

'டாப் அப்' உங்களுக்குத் தெரிந்ததுதான், செல்போனுக்குக் காசு போடுவது. பாய்லருக்கும் அதே சொல். முகப்பில் இருக்கும் வட்ட அழுத்த அளவியில் முள் 1 பாருக்குக் கீழே இறங்கிவிட்டால், அடியில் இருக்கும் சின்னக் குழாயின் திருகைத் திறந்து நீரழுத்தத்தை 'டாப் அப்' செய்யச் சொல்வார்கள். பாய்லர் ஆறியிருக்கும்போது முள் 1க்கும் 1.5க்கும் நடுவில் நின்றால் சரி. பிளம்பரை வரவழைக்காமல் நானே செய்த முதல் வேலை அதுதான். அன்று மாப்பிள்ளை மாதிரி நடந்தேன்.

12 நவம்பர் 2023

'ஆஃப்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் அதைத் தமிழ்ச் சொல்லாகவே ஆக்கிவிட்டோம். லைட்டை ஆஃப் பண்ணு, ஃபேனை ஆஃப் பண்ணு, பையன் மூட் ஆஃப். எல்லாவற்றிலும் அணைதல்தான். இங்கே அது செல்லாது.

ஒரு நாள் இரவு 11 மணிக்கு ரசத்துக்கு மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தேன். புகை அலாரம் அலறியது. துண்டை வீசி வீசி ஒருவழியாக நிறுத்தினேன். மறுநாள் காலை மாடியில் குடியிருக்கும் பெண்மணி வாசலில் பிடித்துக்கொண்டார்: 'டிட் யுவர் அலார்ம் கோ ஆஃப் லாஸ்ட் நைட்?' அணைந்துவிட்டதா என்று அக்கறையாகக் கேட்கிறார் போல என்று நினைத்து, பெருமையாகச் சொன்னேன்: 'நோ நோ, இட் வாஸ் ஆன் ஆல் நைட்.' அவர் முகம் போன போக்கு!

'கோ ஆஃப்' அலாரத்துக்கு என்றால் அலறுவது. பாலுக்கு என்றால் கெட்டுப்போவது. ஹீட்டிங்குக்கு என்றால் நின்றுபோவது. ஒரு மனிதன் ரசத்தை 'கோ ஆஃப்' செய்தால் ரசம் அலுத்துவிட்டது என்று பொருள். தாளிப்பு அலாரத்தை 'செட் ஆஃப்' செய்தது. ஒரே 'ஆஃப்' ஒன்றைத் தொடங்கி வைக்கிறது, ஒன்றை முடித்து வைக்கிறது. யாரைப் போய்க் கேட்பது?

13 நவம்பர் 2023

"இந்தக் கிறுக்குத்தனம் இங்கிலீஷுக்கு மட்டும்தான் உண்டு, தமிழில் சொன்னால் சொன்னதுதான் பொருள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியா? 'போட்டுக்கொடுத்தான்' என்பதில் எதைப் போட்டான், எதைக் கொடுத்தான்? 'விட்டுக்கொடு', 'கழற்றிவிடு', 'கண்டுகொள்ளாதே'. ஊரில் தமிழ் படிக்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் "அவன் மானேஜரிடம் என்னைப் போட்டுக்கொடுத்துட்டான்" என்று சொல்லிப் பாருங்கள். நம் தலையெழுத்து அவருக்கும் உண்டு.

'புட் ஆஃப்' எனக்கு ஒரே நாளில் மனதில் பதிந்ததற்குக் காரணம் 'தள்ளிப்போடு'. இரண்டிலும் போடுதல் இருக்கிறது, விலக்குதல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இப்படி ஜோடி கிடைக்காது. கிடைக்கிற இடத்தில் விடக்கூடாது.

இந்தத் தொல்லை நமக்கு முன்பே சொல்லப்பட்டதுதான். சாமுவேல் ஜான்சன் 1755இல் தன் அகராதி முன்னுரையில், வினையோடு ஒரு சின்னச் சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் அயலாருக்கு மிகப் பெரிய சிரமம் என்று எழுதிவிட்டார். 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் வந்தது ரொம்பப் பின்னால். 1925இல் எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பெயரைச் சொல்லிக்கொடுத்தவர் அகராதியாளர் ஹென்றி பிராட்லி. ஆக, 170 வருடம் பெயரே இல்லாமல் படுத்தியிருக்கிறது.

19 நவம்பர் 2023

இன்று 'புட் அப்'. குடியிருப்பவனுக்கு இதைவிட முக்கியமான வினை கிடையாது.

சுவரில் அலமாரிப் பலகை மாட்டுவது 'புட் அப்'. திரைச்சீலை மாட்டுவதும் அதுவே. ஊரிலிருந்து வந்த மச்சானை இரண்டு வாரம் வீட்டில் தங்கவைப்பதும் அதுவே. ஓனர் வாடகையை ஏற்றினால் அதுவும் 'புட் அப்'. கடைசியில் ஒரு 'வித்' சேர்ந்தால், இத்தனையையும் பொறுத்துக்கொள்வது. நான் பலகை மாட்டினேன், மச்சானைத் தங்கவைத்தேன், ஓனர் வாடகையை ஏற்றினார், என் மனைவி எல்லாவற்றையும் 'புட் அப் வித்' செய்தாள். ஒரு வருடக் குடும்ப வரலாறு முழுக்க ஒரே வினையில் அடங்கிவிடும்.

இதில் நான் மாட்டிக்கொண்ட இடம் வேறு. 'கேன் ஐ புட் அப் இட்?' என்று கேட்டேன், பலகையைக் காட்டி. ஓனருக்குப் புரிந்தது, ஆனாலும் உதட்டில் ஒரு சிரிப்பு. பொருளின் பெயரைச் சொன்னால் நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம்: 'புட் தி ஷெல்ஃப் அப்', 'புட் அப் தி ஷெல்ஃப்'. 'இட்', 'தெம்' என்று வந்தால் நடுவில்தான்: 'புட் இட் அப்', 'டேக் இட் டவுன்', 'ரிப் தெம் அவுட்'. சரி, எல்லாவற்றையும் பிரித்துவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். 'லுக் இன்டு' பிரியாது, 'புட் அப் வித்' பிரியாது. சொல்லிப் பார்த்தால் நாக்கே காட்டிக்கொடுக்கும். முதல் வருடம் அந்த நாக்கும் இருக்காது, அது வேறு விஷயம்.

அவர் அனுமதி கொடுத்தாரா என்று கேட்கிறீர்களா? 'ஆணி அடிக்கக் கூடாது' ஊருக்கு மட்டும் சொந்தமான சட்டம் இல்லை. கொடுத்தார், காலி செய்யும்போது ஓட்டையை 'ஃபில் இன்' செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. பின்னால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

2 டிசம்பர் 2023

ஒரு சூத்திரம் கண்டுபிடித்திருக்கிறேன். வினையை விட்டுவிட்டு வாலை மட்டும் பாருங்கள்.

'டவுன்' வந்தால் மேற்பரப்பு முழுக்கத் தேய்ப்பது: 'வைப் டவுன்', 'வாஷ் டவுன்', 'சாண்ட் டவுன்'. கீழ்நோக்கித்தான் தேய்க்க வேண்டும் என்பதில்லை, எப்படித் தேய்த்தாலும் 'டவுன்'தான். 'ஓவர்' வந்தால் மூடி மறைப்பது: 'பெயின்ட் ஓவர்', 'பிளாஸ்டர் ஓவர்'. ஈரத்தில் பூஞ்சை பிடித்த சுவரை ஓனர்கள் 'பெயின்ட் ஓவர்' செய்வார்கள், அடுத்த குளிர்காலத்தில் பூஞ்சை திரும்ப எட்டிப்பார்க்கும். 'அவுட்' வந்தால் பிடுங்கி எடுப்பது: பழைய சமையலறையை 'ரிப் அவுட்'. 'த்ரூ' என்றால் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவது: இரண்டு அறைக்கு நடுவே சுவரை இடித்து ஒன்றாக்கினால் 'நாக் த்ரூ'. 'அப்' வந்தால் முழுசாக முடிப்பது, நம் 'தீர்' மாதிரி: தின்று தீர்த்தான், 'யூஸ் அப்'. வீட்டையே முழுசாகப் புதுப்பித்தால் 'டூ அப்'.

3 டிசம்பர் 2023

சூத்திரம் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. 'பிரேக் டவுன்' எங்கே தேய்க்கிறது என்று கேட்டுவிட்டார்கள். வீடு எரிந்தால் 'பர்ன் டவுன்', காகிதம் எரிந்தால் 'பர்ன் அப்'. பேக்ட் அப், பிளேயிங் அப் இரண்டிலும் 'தீர்' எங்கே என்றும் கேள்வி. அதுவும் நானே சொல்லிக்கொடுத்த வினைகளை வைத்தே அடிக்கிறார்கள்.

ஒத்துக்கொள்கிறேன். பாதிக்குச் சரிவரும் சூத்திரம் அது. ஆனால் 'டவுன்' தேய்ப்பதற்கு என்ற பகுதியை விட்டுக்கொடுக்கமாட்டேன். பெயின்ட் வேலையில் அது என்னை ஒரு நாளும் கைவிட்டதில்லை.

17 டிசம்பர் 2023

வாடகை வீட்டு ஏஜென்ட் பாஷைக்கு வருவோம். முதல் இரண்டு வருடம் நான் ஏமாந்தது இங்கேதான், இலக்கணத்தில் இல்லை.

குளியலறைக் குழாயின் அடியிலிருந்து நீர் பீய்ச்சுகிறது, ஒரு டிசம்பர் இரவு ஒன்பது மணி. அவசர எண்ணில் ஒரு பெண் அமைதியாகக் கேட்கிறார்: 'ஹேவ் யூ டர்ன்ட் இட் ஆஃப் அட் தி ஸ்டாப்காக்?' இந்த 'ஆஃப்' நம் ஆஃப்தான், நல்லவேளை. தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் தண்ணீரை மொத்தமாக அடைக்கும் திருகுதான் ஸ்டாப்காக்; பெரும்பாலும் சமையலறை சிங்க்குக்கு அடியில் இருக்கும். வாளி, துடைப்பம், வெங்காயக் கூடை எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டுத் தலையை உள்ளே நுழைத்தேன். பித்தளைத் திருகு, பச்சை பூத்திருந்தது. திருகினால் அசையவில்லை. லண்டன் தண்ணீர் உப்புப் படியும் தண்ணீர், வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் இறுகிவிடும். 'இட்ஸ் சீஸ்ட் அப்' என்று சொல்லத் தெரியாமல் 'இட் இஸ் வெரி டைட் மேடம்' என்றேன். கடைசியில் துணியைச் சுற்றி, இடுக்கி போட்டு, கால் சுற்று, இன்னொரு கால் சுற்று. நின்றது. வீட்டுக்குப் புதிதாகக் குடிபோகும் எல்லோருக்கும் சொல்கிறேன், முதல் நாளே அந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஒருமுறை திருகியும் வையுங்கள்.

மறுநாளிலிருந்து வந்த பதில்கள்: 'வீ'ல் லுக் இன்டு இட்', 'வீ'ல் கெட் பேக் டு யூ', 'வீ'ல் சென்ட் சம்ஒன் ரவுண்ட்', 'லீவ் இட் வித் அஸ், வீ'ல் சார்ட் இட் அவுட்'. ஒவ்வொன்றையும் வாக்குறுதி என்று நம்பினேன். 'லுக் இன்டு' என்றால் "பார்க்கலாம்". ஊரில் ஒரு பெரிய மனிதர் "பார்க்கலாம்பா" என்றால் நமக்கு எவ்வளவு புரியுமோ, அவ்வளவுதான் இதிலும். 'சென்ட் சம்ஒன் ரவுண்ட்' என்று சொல்லிவிட்டு நாள் குறிப்பிட்டால்தான் உண்மை. ஆள் வருவது 'டர்ன் அப்'. சூட்டைக் கூட்டுவதும் 'டர்ன் அப்'. அந்த டிசம்பரில் இரண்டுமே நடக்கவில்லை.

நம் கையில் இருக்கும் ஆயுதம் 'சேஸ் அப்'. 'ஐ'ம் ஜஸ்ட் சேஸிங் அப் மை இமெயில் ஆஃப் தி டென்த்' என்று எழுதினால், கோபமில்லாமல் விரட்டுகிறேன் என்று பொருள். தேதியைப் போடுவதுதான் அதில் விஷயம்.

18 டிசம்பர் 2023

'பாப் ரவுண்ட்' செய்கிறேன் என்று ஓனர் சொன்னாலும் முன்னறிவிப்பு வேண்டுமா என்று கேட்டவருக்கு: ஆமாம், பார்வையிட வருவதென்றால் ஓனர் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். 'பாப் ரவுண்ட்' என்று சொல்லிவிட்டால் அது சும்மா எட்டிப்பார்ப்பது ஆகிவிடாது.

11 பிப்ரவரி 2024

ஓர் எச்சரிக்கை. பெயின்ட் உதிர்ந்த இடத்தில் மட்டும் லேசாகப் பூசுவது 'டச் அப்'. சுவருக்கு, கதவுக்கு, ஜன்னல் சட்டத்துக்குச் சொல்லலாம். தப்பித்தவறி ஒரு மனிதரின் பெயரை அந்த இடத்தில் போட்டுவிடாதீர்கள். இங்கே அதற்குத் தகாத இடத்தில் கை வைப்பது என்று பொருள். வேலையிடத்தில் என் நண்பர் ஒருவர் போட்டோவில் முகத்தைச் சரிசெய்வதற்காக 'ஐ வில் டச் யூ அப்' என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்க எல்லோரிடமும் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

25 ஆகஸ்ட் 2024

வீட்டைக் காலி செய்கிறோம். எட்டு வருடம். நவம்பரில் சொன்ன ஓட்டைக் கதை இதுதான்.

பலகையை 'டேக் டவுன்' செய்தேன். சுவரில் ஆறு ஓட்டை, உள்ளே ஸ்க்ரூவைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் பிளக். அதை நகத்தால் பிடுங்க முடியாது. ஸ்க்ரூவைப் பாதி திருகி உள்ளே விட்டு, இடுக்கியால் ஸ்க்ரூவின் தலையைப் பிடித்து இழுத்தால் பிளக்கோடு சேர்ந்து வரும். ஐந்து வந்தது. ஆறாவது, உள்ளங்கை அகலத்துக்குப் பிளாஸ்டரையும் கூட்டிக்கொண்டு வந்தது. 'கேம் அவே' என்பது அதுதான், சுவரைவிட்டுக் கழன்று வருவது. கைப்பிடி கழன்று கையோடு வந்தால் 'கேம் ஆஃப்'.

ஃபில்லரை வைத்து 'ஃபில் இன்' செய்தேன். காய்ந்ததும் நடுவில் குழி விழுந்தது, மறுபடி வைத்தேன். ஒரு நாள் விட்டு உப்புத்தாளால் 'சாண்ட் டவுன்'. அப்புறம் பெயின்ட். இங்கே வாடகை வீட்டுச் சுவருக்கென்றே ஒரு நிறம் உண்டு, மக்னோலியா. வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை. டப்பாவில் அதே பெயர்தான். பூசினேன், நன்றாகத்தான் இருந்தது. காய்ந்ததும் ஆறு வெளிறிய வட்டம் பளிச்சென்று நின்றது. பெயின்ட்டில் குற்றமில்லை. எட்டு வருடத் தாளிப்புப் புகையில் மற்ற சுவர்தான் நிறம் மாறிவிட்டிருந்தது. ஒரு சுவரில் 'டச் அப்' செய்யப்போய், சமையலறையை ஒட்டிய அறை முழுக்க அடிக்க வேண்டியதாயிற்று. மனைவி சொன்னாள்: "பலகையை அங்கேயே விட்டிருக்கலாம்."

22 செப்டம்பர் 2024

டெபாசிட் விவகாரம். ஓனர் தரப்பு கம்பளத்துக்கும் சுவருக்கும் சேர்த்து 420 பவுண்டு பிடிக்கப் பார்த்தது. ஊரில் என்றால் "பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை" என்று அட்வான்ஸில் கழித்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள், நாமும் வந்துவிடுவோம். இங்கே 2007 ஏப்ரலிலிருந்து டெபாசிட்டை அங்கீகாரம் பெற்ற திட்டம் ஒன்றில் பதிந்து வைக்க வேண்டும், இப்போது அதற்கு 30 நாள் கெடு. தகராறு வந்தால் அந்தத் திட்டமே இலவசமாக விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும்.

இங்கே கைகொடுத்தது 'வேர்'. 'வேர் அவுட்' என்றால் நடந்து நடந்து கம்பளம் நைந்துபோவது. 'வேர் ஆஃப்' என்றால் மேலே இருக்கும் பூச்சு தேய்ந்து போவது. இரண்டும் புழங்கியதால் வருவது, யாருடைய தப்பும் இல்லை. அதற்குக் காசு பிடிக்கக்கூடாது. 'பிரேக் ஆஃப்', 'ரிப் அவுட்' என்றால் நான் செய்தது. கடிதத்தில் கம்பளத்துக்கு 'ஹேஸ் வோர்ன் அவுட் ஓவர் எய்ட் இயர்ஸ்' என்று எழுதினேன். பிளாஸ்டர் பெயர்ந்ததை ஒத்துக்கொண்டேன். 60 பவுண்டு போயிற்று, மீதி வந்தது.

அப்போதுதான் 1985ஆம் வருட நிலக்கிழார் வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவைப் படித்தேன். வீட்டின் கட்டமைப்பையும் வெளிப்புறத்தையும், தண்ணீர், கேஸ், மின்சாரம், ஹீட்டிங் சாதனங்களையும் ஓனர் 'கீப் இன் ரிப்பேர்' செய்ய வேண்டுமாம். தமிழ்க் காதுக்கு எப்படிக் கேட்கிறது பாருங்கள்: எல்லாவற்றையும் ரிப்பேரிலேயே வைத்திருக்க வேண்டும்! எட்டு வருடமாக எங்கள் ஓனர் சட்டத்தைத் தமிழில்தான் படித்திருக்கிறார்.

23 செப்டம்பர் 2024

சட்டத்தின் பெயரை மொழிபெயர்த்ததற்குத் திட்டு விழுகிறது. 'நிலக்கிழார்' என்றால் பண்ணையார் மாதிரி இருக்கிறதாம். சரி, லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் ஆக்ட். போதுமா?

1 டிசம்பர் 2024

புது வீடு இல்ஃபோர்டில். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறாள். வந்த இரண்டாம் நாளே பாய்லர் மக்கர். இந்த முறை 'தி பாய்லர்ஸ் பிளேயிங் அப், இட் கீப்ஸ் கட்டிங் அவுட்' என்று எழுதினேன், மறுநாள் காலையில் பிளம்பர் 'டர்ன்ட் அப்'. அரைமணி நேரத்தில் சரிசெய்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, 'ரைட், ஐ'ம் ஆஃப்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "ஏம்பா, இப்பதானே நல்லா டீ குடிச்சார், அதுக்குள்ள ஆஃப் ஆயிட்டாரா?"